14 பேர்... ஒரு பேர் கூட இல்லை!

பிள்ளைகளே, முதலில் ஒரு புதிர்.

ஒரு கல் இருக்கிறது. அதில் ஊரின் பெயர் உண்டு. இரண்டு எண்கள் உண்டு. மனிதர்களை மறக்கக் கூடாது என்பதற்காகவே பதித்த கல் அது. ஆனால், அதில் ஒரு மனிதரின் பெயர் கூட இல்லை! அந்தக் கல் எங்கே இருக்கிறது?

விடை: வேலூர் பஜாரில் உள்ள மணிக்கூண்டில்.

நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூருக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். கோட்டையைப் பார்த்தோம். அகழியைப் பார்த்தோம். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி நடந்த சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூணையும் பார்த்தோம். மதியம் பசி வந்துவிட்டது. பன் வாங்கித் தரலாம் என்று பஜார் பக்கம் நடந்தோம். ஆட்டோ, தள்ளுவண்டி, பூக்கடை என்று ஒரே நெரிசல். நடுவில் மணிக்கூண்டு.

பிள்ளைகள் பன் சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு. அதைத் தமிழில் சொன்னேன்: "வேலூர். இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் மாபெரும் போருக்குப் போனார்கள். அவர்களில் 14 பேர் உயிரைத் தந்தார்கள்."

உடனே ஒரு பையன் கேட்டான்: "சார், வேலூர் எப்படி சார் கிராமம் ஆகும்?"

நல்ல கேள்வி என்று அவனைப் பாராட்டினேன். அதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை, வாயில் பன்னோடு கேட்டாள்: "14 பேர்னு போட்டிருக்கே சார், அவங்க பேர் எங்கே?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் பேசாமல் நின்றேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வேலூர் எப்படிக் கிராமம் ஆனது?

முதல் கேள்விக்கு விடை சுலபம். வேலூர் 1866ஆம் ஆண்டே நகராட்சி ஆகிவிட்டது. அதைக் கிராமம் என்று எழுதியது பிழைதான். ஆனால், அந்தப் பிழைக்கு ஒரு காரணம் உண்டு.

முதல் உலகப் போர் 1914 முதல் 1918 வரை நடந்தது. இரண்டாம் உலகப் போர் என்று ஒன்று வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே அதை 'மாபெரும் போர்' என்றே அழைத்தார்கள். போர் முடிந்த பிறகு, நிறையப் பேரை அனுப்பிய ஊர்களில் ஆங்கில அரசு நினைவுக் கற்களைப் பதித்தது. பஞ்சாபிலும், இமயமலை அடிவாரத்திலும், தமிழ்நாட்டிலும் இத்தகைய கற்கள் உண்டு. எல்லாக் கற்களிலும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்தான்! 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் தந்தார்கள்.' ஊர்ப் பெயரும் எண்களும் மட்டும் மாறும். கோடிட்ட இடத்தை நிரப்புவது போல!

அதனால்தான் வேலூரும் கிராமம் ஆனது. அதனால்தான் பேரும் இல்லை. கோடிட்ட இடத்தில் எண்ணுக்கு மட்டும்தானே இடம் விட்டிருந்தார்கள்?

எம்டன் வந்த காலம்

நம் வீட்டுப் பெரியவர்கள் துணிச்சலான ஆளைப் பார்த்து, 'அவன் சரியான எம்டன்' என்பார்கள். அந்தச் சொல்லே இந்தப் போரில்தான் தமிழுக்கு வந்தது. 'எம்டன்' என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அது சென்னைக் கடலுக்கு வந்தது. துறைமுகத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது. சில நிமிடங்களில் இருட்டில் மறைந்தும் போனது.

அப்போது இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயர் போரில் இறங்கியதும் இந்தியாவும் இறங்க வேண்டியதாயிற்று. நம்மைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். அவர்களில் ஏறத்தாழ 74,000 பேர் திரும்பி வரவில்லை.

ஏன் போனார்கள்? சிலருக்குப் பட்டாளம் என்றால் பரம்பரைப் பெருமை. பலருக்கு வயிற்றுப்பாடு. ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். மழை பெய்தால்தான் சோறு என்றிருந்த குடும்பத்துக்கு, மாதா மாதம் வரும் 11 ரூபாய் பெரிய காசு.

போனவர்கள் எல்லாரும் துப்பாக்கி பிடித்தவர்கள் என்று நினைக்காதீர்கள். சமைத்தவர்கள், கோவேறு கழுதைகளை ஓட்டியவர்கள், காயம்பட்டவரைத் தூக்கிச் சுமந்தவர்கள், சாலை போட்டவர்கள், தோல் பையில் தண்ணீர் சுமந்து போய்த் தாகம் தீர்த்தவர்கள் என்று பல்லாயிரம் பேர் இருந்தார்கள். குண்டு இவர்களைப் பார்த்து விலகிப் போகுமா என்ன?

தேனீக்களும் பாலைவனமும்

சென்னை மாகாணத்துப் படைகள் எங்கெங்கே போயின தெரியுமா?

பாளையங்கோட்டை பெயரைத் தாங்கிய ஒரு படைப்பிரிவு, கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள டாங்கா என்ற துறைமுகத்துக்குப் போனது. இன்று அது டான்சானியா நாட்டில் இருக்கிறது. 1914 நவம்பரில் அங்கே சண்டை நடந்தபோது, மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்துவிட்டன. தேனீக்கள் படை திரண்டு வந்து வீரர்களைக் கொட்டித் தீர்த்தன! இன்றைக்கும் அதைத் 'தேனீக்களின் போர்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால், அங்கே இறந்தவர்களின் வீடுகளில் அது வேடிக்கை இல்லை.

மிக அதிகமான இந்தியர்கள் போனது மெசபடோமியாவுக்கு. இன்று அதன் பெயர் இராக். டைக்ரிஸ், யூப்ரடீஸ் என்ற இரண்டு ஆறுகள் ஓடும் நாடு. வெயில் காலத்தில் நம் வேலூர் வெயிலே தோற்றுவிடும். வேலூரில் 43 டிகிரி வந்தாலே நமக்கு மூச்சு முட்டுகிறது. அங்கே 50 டிகிரியைத் தொடும்! மழைக்காலத்திலோ முழங்கால் அளவு சேறு. குண்டுக்குத் தப்பியவர்களைக் காலராவும் வயிற்றுக்கடுப்பும் கொண்டு போயின.

'மதராஸ் சாப்பர்ஸ்' என்ற பொறியாளர் படையில் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் இவர்கள் வேலை. பாலம் கட்டி முடியும் வரை எதிரி சும்மா இருப்பானா? குண்டு மழைக்கு நடுவில்தான் படகுகளைப் பிணைத்துப் பாலம் போட வேண்டும். ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் என்ன தெரியுமா? 'தம்பி'! இன்றைக்கும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படையினரை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

அதே மெசபடோமியாவில் 'கூட்' என்ற ஊரில் ஒரு படை முற்றுகையில் சிக்கியது. 1915 டிசம்பர் 7ஆம் தேதி தொடங்கிய முற்றுகை, 147 நாட்கள் நீடித்தது. உள்ளே உணவு தீர்ந்தது. விமானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை. 1916 ஏப்ரல் 29ஆம் தேதி ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சிறைப்பட்டு பாலைவனத்தில் நடந்தே போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள்.

தோலும் கப்பல் ஏறியது

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்குத் தோல் தொழிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே யாராவது டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போவார்கள். ஆனால், உங்கள் ஊர்த் தொழிலுக்கும் அந்தப் போருக்கும் உள்ள தொடர்பு தெரியுமா?

அந்தக் காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிடுவார்கள். பாலாற்றுத் தண்ணீரில் ஊறி, பட்டைச் சாற்றில் ஊறி, மாட்டுத் தோல் மெத்தென்று பழுப்பு நிறத்துக்கு வரும். சென்னை மாகாணத்தின் இந்தத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனிப் பெயர் உண்டு.

லட்சக்கணக்கான சிப்பாய்கள் நடக்க வேண்டும் என்றால் லட்சக்கணக்கான ஜோடி பூட்ஸ் வேண்டுமே! பூட்ஸின் மேல்பாகத்துக்கு இந்தத் தோல் மிகவும் ஏற்றது. ஆகவே போர்க்காலத்தில் அரசாங்கமே இதை மொத்தமாக வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பியது.

நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்துத் தோலும் கப்பல் ஏறியது, இந்தப் பக்கத்து ஆளும் கப்பல் ஏறினார். தோல் எத்தனை மூட்டை, எந்தத் துறைமுகம், என்ன விலை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதினார்கள். ஆளுக்கு?

பேர் உள்ள கல், பேர் இல்லாத கல்

போரில் இறந்தவர்களை நினைவுகூர்வதற்கென்றே 1917ஆம் ஆண்டு ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் விதி மிக நல்ல விதி. இறந்தவர் தளபதியானாலும் சிப்பாயானாலும், எந்த நிறமானாலும், எந்த மதமானாலும் அவருடைய பெயரைப் பொறிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் வேற்றுமை கூடாது.

பிரான்ஸ் நாட்டில் நவ் ஷப்பேல் என்ற ஊரில் அந்த விதிப்படி செய்தார்கள். 1927ஆம் ஆண்டு திறந்த அந்த நினைவிடத்தில், கல்லறை கூட இல்லாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் உள்ளன. பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்து நுழைவாயிலில் 54,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் இந்தியப் பெயர்களும் உண்டு. அங்கே 1928ஆம் ஆண்டு முதல் மாலை 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி, பியூகிள் ஊதி அஞ்சலி செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஆண்டுகள் தவிர, இன்று வரை தினமும்!

டில்லியில் உள்ள இந்தியா கேட் பார்த்திருக்கிறீர்களா? 42 மீட்டர் உயரம். அது சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளக் கட்டிய வளைவு இல்லை, பிள்ளைகளே. அதுவும் அந்தப் போரில் இறந்த இந்திய வீரர்களின் நினைவுச் சின்னம்தான். 1931ஆம் ஆண்டு திறந்தார்கள். 13,000க்கும் மேற்பட்ட பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள்.

ஆனால், இராக்கில் பஸ்ரா என்ற ஊரில் என்ன செய்தார்கள்? அங்கே அமைத்த நினைவிடம் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. ஆங்கிலேய வீரர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயரை எழுதி, 'மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டார்கள். வேலூர் மணிக்கூண்டைப் போலவே!

நல்ல விதி எழுதியவர்களே அதை மீறினார்கள். நூறாண்டு கழித்து, 2021ஆம் ஆண்டு, அதே ஆணையம் ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டுத் தன் தவறை ஒப்புக்கொண்டது. இந்தியரும் ஆப்பிரிக்கருமாக 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றது. அது தவிர, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கவில்லை, அல்லது நினைவுச் சின்னமே இல்லை என்றது. மன்னிப்பும் கேட்டது.

தாமதமாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் கேட்டார்களே! தவறு செய்தவர் ஒப்புக்கொள்வது நல்லது. ஆகவே நானும் என் தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பிடி பேரீச்சம்பழம்

ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் ஆயா வீடு. எங்கள் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்போம். என் அம்மாவின் அம்மா. பள்ளி விடுமுறைக்கு அங்கேதான் போவேன்.

ஆயா வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கும் மாடம் ஒன்று இருந்தது. விளக்குக்குப் பின்னால் வட்டமாக ஒரு வெண்கலத் தகடு. டீ குடிக்கும் சாஸர் அளவு இருக்கும். அதில் ஓர் அம்மாள் கையில் மாலையோடு நிற்பார். பக்கத்தில் ஒரு சிங்கம். சுற்றிலும் ஆங்கில எழுத்து. எனக்குச் சிங்கத்தின் மேல்தான் கண். எடுத்து விளையாடப் போனால் ஆயா தடுத்துவிடுவார்.

"தொடாத கண்ணு. அதுல எங்க அண்ணன் இருக்காரு."

சிங்கம்தான் அவருடைய அண்ணனோ என்று நான் நினைத்துக்கொள்வேன்!

ஆடி அமாவாசை அன்று ஆயா எல்லாருக்கும் இலை போட்ட பிறகு, மாடத்துக்குக் கீழே ஒரு சின்ன இலை போடுவார். அதில் சோறு, வடை, பாயசம். அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது ஆயாவுக்கு ஏழெட்டு வயதாம். "திரும்பி வரும்போது உனக்குக் கண்ணாடி வளையல் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். வந்தது அந்தத் தகடுதான்.

எனக்கு எட்டு வயது. ஒரு நாள் மதியம். ஆயா களத்துக்குப் போயிருந்தார். தெருவில் சைக்கிளில் ஒருவர் கூவிக்கொண்டே வந்தார்: "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

தெருப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள். ஓட்டைச் சொம்பு, துருப்பிடித்த ஆணி என்று கொண்டு வந்தார்கள். என் கையில் ஒன்றும் இல்லை. நாக்கில் எச்சில். மாடம் கண்ணில் பட்டது.

அவர் தகட்டைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். எனக்கு இரண்டு பிடி பேரீச்சம்பழம் கிடைத்தது. மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகம்! பெருமையாகத் தின்றேன்.

சாயங்காலம் ஆயா விளக்கு ஏற்றப் போனார். கொஞ்ச நேரம் மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் கன்னத்தில் பேரீச்சம்பழப் பிசுபிசுப்பு.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "தின்னுட்டியா?" என்று மட்டும் கேட்டார். முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு விளக்கை ஏற்றினார். தன் கடைசி ஆடி அமாவாசை வரை, அந்த வெறும் மாடத்துக்குக் கீழே இலை போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் வளர்ந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்கும் வந்துவிட்டேன். ஒரு நாள் நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது அதே சிங்கம்! அதே அம்மாள்! முதல் உலகப் போரில் இறந்தவர்களின் வீட்டுக்கு ஆங்கில அரசு அனுப்பிய நினைவுத் தகடு அது. 13 லட்சத்துக்கும் மேல் செய்தார்களாம். 12 சென்டிமீட்டர் அகலம். அதில் இறந்தவருடைய பெயரைத் தனியாக வார்த்திருப்பார்கள். பதவியைப் போட மாட்டார்கள். சாவில் பெரியவர் சிறியவர் இல்லை என்பதற்காக, வெறும் பெயர் மட்டும்.

சுற்றிலும் இருந்த எழுத்து என்ன தெரியுமா? 'சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் இவர் உயிர் நீத்தார்' என்பது. எந்த நாட்டுச் சுதந்திரம்? நமக்கு அப்போது சுதந்திரம் ஏது? போர் முடிந்த மறு ஆண்டே, 1919 ஏப்ரல் 13ஆம் தேதி, அமிர்தசரஸில் ஜாலியன்வாலாபாக்கில் கூடியிருந்த மக்களை அதே அரசு சுட்டுக் கொன்றது. இதையும் சேர்த்தே நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நூலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோது ஆயா உயிரோடு இல்லை. அம்மாவிடம் ஓடினேன். "ஆயாவோட அண்ணன் பேர் என்னம்மா?"

அம்மா யோசித்தார். "பட்டாளத்து மாமான்னுதான் சொல்லுவாங்க. பேர் தெரியலையேப்பா" என்றார்.

தங்கை அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஆயா என்றைக்கும் 'எங்க அண்ணன்' என்றே சொன்னார். அவருடைய பேர் இந்த உலகத்தில் எங்கள் குடும்பத்துக்கென்று இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். அதைத்தான் நான் இரண்டு பிடி பேரீச்சம்பழத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு ஞாபகம் இருப்பது ஓர் எழுத்து. ஆங்கில 'எம்'. மாணிக்கமா, முனுசாமியா, மண்ணாதனா? இன்று வரை தெரியாது. அவர் வேலூர்க் கல் சொல்லும் 14 பேரில் ஒருவர் இல்லை. ஊர் வேறு. ஆனாலும் அந்தச் சின்னப் பெண், "அவங்க பேர் எங்கே?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது இதனால்தான்.

இன்னொன்று. பஸ்ரா எதற்குப் பேர் போன ஊர் தெரியுமா? பேரீச்சம்பழத்துக்கு. அதற்குப் பிறகு நான் அந்தப் பழத்தைத் தொடுவதில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

நான் தொலைத்ததை இனி என்னால் மீட்க முடியாது. உங்களால் முடிந்தவை நிறைய இருக்கின்றன.

1. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு, தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். 'பட்டாளத்துத் தாத்தா', 'கடைக்காரத் தாத்தா' என்று எழுதினால் போதாது. அவர்கள் பேர் வேண்டும்.

2. பரணில், டிரங்குப் பெட்டியில் பழைய பதக்கம் இருக்கிறதா? முகப்பை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். அதன் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் இருக்கும். பளபளப்பாக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து அழிந்துவிடும். முக்கியமாக, எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

3. பெயர் கிடைத்துவிட்டால், அப்பா அம்மா உதவியோடு இணையத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள். காசு கிடையாது. எந்த நாட்டில், எந்த நினைவிடத்தில் அவர் பெயர் இருக்கிறது என்று அது காட்டும்.

4. உங்கள் ஊரில் இப்படி ஒரு பழைய கல் இருக்கலாம். சாவடியில், பள்ளிச் சுவரில், டீக்கடைக்குப் பின்னால் கூட இருக்கலாம். அதில் உள்ளதை அப்படியே நோட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அதன் மேல் யாராவது போஸ்டர் ஒட்ட வந்தால், "அண்ணா, வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

5. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்ற ஊரை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் ஊர் அது. உங்கள் தெருவிலும் ராணுவத்தில் இருந்த தாத்தா யாராவது இருப்பார். அவரோடு பணியாற்றி, திரும்பி வராத நண்பர்களின் பேரைக் கேளுங்கள். அவர் பேர் பேராகச் சொல்வார். காது கொடுத்துக் கேளுங்கள்.

தீவுக்குப் பேர் வைத்தார்கள்!

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு மண்ணில் உயிர் நீத்த வீரர்களும் உண்டு. கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, ஐ.நா. அமைதிப் படையில் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக்குப் போய், 1961 டிசம்பர் 5ஆம் தேதி வீர மரணம் அடைந்தார். மும்பையில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், இலங்கையில் யாழ்ப்பாணம் அருகே 1987 நவம்பர் 25ஆம் தேதி நடந்த சண்டையில், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் தன் வீரர்களை வழிநடத்தி மாண்டார். இருவருக்கும் நாட்டின் மிக உயர்ந்த பரம்வீர் சக்கர விருது கிடைத்தது. 2023ஆம் ஆண்டு அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்ற 21 வீரர்களின் பெயரைச் சூட்டினார்கள். அவற்றில் இவர்கள் இருவர் பெயரிலும் தீவு உண்டு!

போரைப் புகழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளே. போர் நல்லதல்ல. எதிரே நின்று இறந்த துருக்கி வீரனுக்கும் வீட்டில் ஒரு தங்கை இருந்திருப்பாள். அவளுக்கும் அவன் ஏதோ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பான். இறந்தவரை எண்ணாக எழுதிவிட்டால், 'பதினாலு பேர்தானே' என்று சொல்வது சுலபம். பேர் சொல்லி எழுதினால் அப்படிச் சொல்ல வாய் வராது. அடுத்த போரைத் தொடங்குபவர்களுக்கும் கை கொஞ்சம் நடுங்கும்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, சில ஆசிரியர்கள் எண் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேகமாக முடிந்துவிடும். நான் முழுப் பேரும் சொல்லித்தான் கூப்பிடுவேன். பத்து நிமிடம் ஆகும். "ஏன் சார் இவ்வளவு நேரம்?" என்று கேட்டவர்கள் உண்டு. ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சுற்றுலா முடிந்த திங்கட்கிழமை, கேள்வி கேட்ட அந்தப் பெண் ஒரு தாளோடு வந்தாள். அவள் வீட்டில் நான்கு தலைமுறைப் பேரையும் எழுதியிருந்தாள். ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"கொள்ளுப்பாட்டி பேர் மட்டும் யாருக்கும் தெரியலை சார். ஊர்ல ஒரு பெரியம்மா இருக்காங்க. லீவுல போய்க் கேட்டுட்டு வரேன்" என்றாள்.

கேட்டுக்கொண்டும் வந்தாள்.

நீங்களும் வேலூர் பக்கம் போனால், மணிக்கூண்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கல்லில் பேர் இல்லை என்றால் என்ன? ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாகப் 14 வரை எண்ணுங்கள். ஒவ்வோர் எண்ணிலும் யாரோ ஒரு சின்னப் பெண்ணின் அண்ணன் இருக்கிறார்.